யாரும் கேட்காமல் கணக்குச் சொன்ன உறுப்பினர்



பட்ஜெட் கூட்டத்தொடர் வந்துவிட்டால் நம் பழைய மாணவர்கள் குழுவில் எம்.எல்.ஏ.க்களின் பதிவுகள் வந்து குவிகின்றன. "தொகுதிக்கு இத்தனை கோடி", "இந்தத் தெருவில் மழைநீர் வடிகால்", "இன்று மானியக் கோரிக்கையில் பேசினேன்" என்று படமும் வீடியோவுமாக. அதைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டிருந்தார்: "டீச்சர், அந்தக் காலத்தில் சட்டசபைக்குப் போனவர்கள் இப்படியெல்லாம் மக்களுக்குச் சொல்வார்களா? இல்லை, இது ஃபேஸ்புக் வந்த பிறகு வந்த பழக்கமா?"

நல்ல கேள்வி. சொன்னவர்கள் உண்டு. அதில் ஒருவர் ஒரு புத்தகமே எழுதினார், 1930-ல். அவருக்கு ஓட்டுப் போட்டவர் ஒருவர்கூடக் கிடையாது, ஏனென்றால் அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. அரசாங்கம் நியமித்த உறுப்பினர் அவர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவரைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் நம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். பதிவு நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நம் கோபாலபுரத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது ஆயிரம் விளக்கு. அங்கிருந்த மாநகராட்சிப் பள்ளியில் படித்த பிள்ளைகள் ரொம்ப ஏழைகள். பசியோடு யார் பள்ளிக்கூடம் வருவார்கள்? 1920 செப்டம்பர் 16 அன்று சென்னை மாநகராட்சி மன்றம், சர் பிட்டி தியாகராய செட்டியார் தலைமையில், அந்தப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர ஒப்புதல் கொடுத்தது. செலவு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. ரூபாய்க்குப் பதினாறு அணா என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1922-23-ல் இந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 811 பிள்ளைகள். 1924-25-ல் 1,671 பேர். இரண்டே ஆண்டில் இரட்டிப்பு!

அப்புறம் நின்றுபோனது. ஏன் தெரியுமா? பணம் இல்லாமல் அல்ல. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்யக் கூடாது என்று ஆங்கில அரசாங்கம் சொல்லிவிட்டது. 1925 ஏப்ரல் 1 முதல் அந்தச் செலவுக்கு அனுமதி இல்லை. கல்விக் கணக்கில் இட்லி எழுத முடியாது, அவ்வளவுதான். எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளைகளின் தட்டு காலியானது. பட்ஜெட் என்பது பெரிய மனிதர்களின் சமாச்சாரம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஒரு கதையைத்தான் நான் சொல்வேன்.

சரி, அந்தக் கணக்கைக் கேள்வி கேட்க மக்கள் பிரதிநிதிக்கு உரிமை எப்போது வந்தது? சென்னை மாகாணத்துக்கு 1861 சட்டத்தின்படியே ஒரு கவுன்சில் இருந்தது. ஆனால் வரவு செலவைப் பற்றிப் பேசவும், அரசாங்கத்தைக் கேள்வி கேட்கவும் 1892 சட்டம்தான் கதவைத் திறந்தது. அதுவும் பேசலாம், ஓட்டெடுப்புக் கிடையாது. 1909-ல் துணைக்கேள்வி வந்தது. 1919 சட்டத்துக்குப் பிறகு, 1921 ஜனவரியில் கன்னாட் கோமகன் வந்து தொடங்கிவைத்த புதிய மேலவையில்தான் செலவினங்கள் மீது ஓட்டுப் போடும் உரிமை உறுப்பினர்களுக்குக் கிடைத்தது. 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், மற்றவர்கள் நியமனம். மாகாணத்தின் மக்கள்தொகை 4 கோடிக்கு மேல். 1920 தேர்தலில் ஓட்டுரிமை இருந்தவர்களோ சுமார் 12 லட்சம் பேர். சொத்து, வரி என்று தகுதி வைத்திருந்தார்கள்.

கிடைத்த உரிமையிலும் பாதிக்குப் பூட்டு. இரட்டை ஆட்சி என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி எல்லாம் இந்திய மந்திரிகளிடம். நிதி, போலீஸ், நிலவரி எல்லாம் கவர்னரின் நிர்வாகக் குழுவிடம். வீட்டில் மருமகளிடம் சமையலறையைக் கொடுத்துவிட்டு, பணப்பெட்டிச் சாவியை மாமியார் இடுப்பில் செருகிக்கொண்டது போல. அதற்கு மேல் இன்னொன்று. மெஸ்டன் குழு சொன்னபடி மாகாணங்கள் மத்திய அரசுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கட்ட வேண்டும். சென்னை மாகாணத்தின் பங்கு 348 லட்சம் ரூபாய். வங்காளம் 63 லட்சம், பம்பாய் 56 லட்சம். எல்லா மாகாணங்களும் சேர்ந்து கட்டிய 983 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் தலையில்! பல ஆண்டுகள் முறையிட்ட பிறகு படிப்படியாகக் குறைத்து, 1928 வாக்கில் ஒழித்தார்கள். இப்போது மத்திய வரிப் பகிர்வில் நம் பங்கு குறைவு என்று சட்டமன்றத்தில் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்த 348 லட்சம் ஞாபகம் வரும். எந்தக் கட்சி பேசினாலும் வழக்கு பழைய வழக்கு.

இந்த மேலவைக்குத்தான் முத்துலட்சுமி ரெட்டி வந்தார்.

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி குலத்தில் பிறந்தவர். ஆண்கள் மட்டும் படித்த கல்லூரியில் இவரைச் சேர்க்கவே எதிர்ப்பு. மகாராஜாவின் அனுமதியோடு சேர்ந்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் டாக்டர். பெண்களும் ஓட்டுப் போடலாம் என்று சென்னை மேலவை 1921-லேயே தீர்மானித்துவிட்டது. ஆனால் உறுப்பினராக வரும் வழி 1926-ல்தான் திறந்தது. அந்த ஆண்டு மங்களூரில் கமலாதேவி சட்டோபாத்யாய தேர்தலில் நின்று சொற்ப ஓட்டுகளில் தோற்றார். மாதர் சங்கத்தின் பரிந்துரையால் முத்துலட்சுமி நியமிக்கப்பட்டார். மருத்துவத் தொழில் கெடுமே என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. ஆனாலும் போனார். போனவுடனே அவையின் துணைத் தலைவராக உறுப்பினர்கள் அவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண் அவர்தான்.

1930 வரை, மூன்று ஆண்டுகளுக்குச் சற்றே அதிகமான காலம். அந்தக் காலத்தில் தான் என்ன கேட்டேன், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதை "ஒரு சட்டசபை உறுப்பினராக என் அனுபவம்" என்ற பொருளில் தலைப்பிட்டு ஆங்கிலத்தில் புத்தகமாக வெளியிட்டார். இன்றைக்கு எம்.எல்.ஏ.க்கள் போடும் பதிவுகளின் கொள்ளுப்பாட்டி என்று அதைச் சொல்லலாம்.

முதலில் அவர் கேட்டவை, டாக்டர் என்ற முறையில் கேட்டவை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்றார். அரசு அவ்வளவு தூரம் போகவில்லை, மகப்பேறு மருத்துவமனையில் குழந்தைகளுக்கு ஒரு தனிப்பிரிவு கிடைத்தது. உள்ளாட்சிப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். ஏழைப் பெண் குழந்தைகளுக்குக் கட்டணச் சலுகை கேட்டார். முஸ்லிம் மாணவிகளுக்கு விடுதி கேட்டார். கூட்டிப் பாருங்கள், எல்லாமே பணம் வேண்டிய காரியங்கள். பணப்பெட்டிச் சாவி யாரிடம் என்று மேலே சொல்லியிருக்கிறேன். கேட்டதில் பாதியாவது கிடைத்ததே பெரிது.

நம்மில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கு ஒரு விஷயம். ஹார்டாக் குழு, 1929, "விரயமும் தேக்கமும்" என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்தோமே. பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து நான்காம் வகுப்புக்குள் கழன்றுபோவது விரயம், ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பது தேக்கம். அந்தக் குழுவில் முத்துலட்சுமி ரெட்டியும் ஓர் உறுப்பினர். இந்தியா முழுக்கச் சுற்றி, பெண் கல்வி நிலைமையைப் பார்த்துவந்தவர். எங்களுக்குக் குழுவின் பெயரையும் ஆண்டையும் சொல்லிக்கொடுத்தார்களே தவிர, இதை ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அது தேவைப்படவில்லை போலும்.

பணம் வேண்டாத காரியங்களில்தான் அவர் அதிகமாகப் போராட வேண்டியிருந்தது. அதுதான் வேடிக்கை. பெண்ணின் திருமண வயது குறைந்தது 16, ஆணுக்கு 21 ஆக வேண்டும் என்று 1928-ல் தீர்மானம் கொண்டுவந்தார், அவை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு மத்திய சட்டசபையில் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றுதான் வைத்தது.

கோயில்களில் சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று 1927-ல் தீர்மானம் கொண்டுவந்தார். இதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

தேவதாசிகள் பலருக்குக் கோயில் மானிய நிலம் இருந்தது. கோயிலில் சேவை செய்யும்வரைதான் நிலம். ஒரு தலைமுறையில் பொட்டுக்கட்ட ஒரு பெண் இல்லாவிட்டால் நிலம் கைவிட்டுப் போகும். அதனால் சொந்த மகள் இல்லாவிட்டால் தத்தெடுத்தாவது ஒரு சிறுமிக்குப் பொட்டுக்கட்டினார்கள். பக்தி, மரபு என்று நாம் என்ன பெயர் சொன்னாலும் அடியில் ஒரு வயிற்றுப்பாட்டுக் கணக்கு இருந்தது. எடுத்த எடுப்பில் "பொட்டுக்கட்டக் கூடாது" என்று மட்டும் சட்டம் போட்டிருந்தால், நிலத்தை இழந்து தெருவுக்கு வந்திருக்கப்போவது அந்தப் பெண்கள்தான். முத்துலட்சுமி முதலில் நிலத்தைக் கவனித்தார். 1929-ல் இந்து அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம், அந்த ஆண்டின் 5-வது சட்டம். சேவை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து மானியத்தை விடுவித்தது அது. கோயிலுக்கு ஒரு தொகை கட்டிவிட்டு நிலத்தை அவர்களே வைத்துக்கொள்ளலாம். இனி ஒரு குழந்தையைப் பொட்டுக்கட்டினால்தான் அடுப்பு எரியும் என்ற கட்டாயம் இல்லை. இதை முடித்துவிட்டுத்தான் 1930-ல் பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்று தெரிந்த சட்டமன்ற உறுப்பினர்கள் எந்தக் காலத்திலும் குறைவு.

(மானியம் என்ற சொல்லைக் கவனித்தீர்களா? கோயில் நிலமும் மானியம், சட்டமன்றத்தில் அமைச்சர் கேட்பதும் மானியக் கோரிக்கை. கேஸ் சிலிண்டருக்கு வருவதும் மானியம்! தமிழில் ஒரு சொல் எத்தனை வீட்டுக்கு உழைக்கிறது.)

எதிர்ப்பும் சாதாரணமானதல்ல. காங்கிரஸின் பெரிய பேச்சாளர் எஸ். சத்தியமூர்த்தி எதிர்த்தார். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. தேவதாசிகளே சங்கம் கூடி எதிர்த்து மனுக் கொடுத்தார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். எங்கள் கலையை, கல்வியை, சொத்துரிமையை எல்லாம் ஒரே சொல்லில் இழிவாக்குகிறீர்களே என்பது அவர்கள் குறை. அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பரதநாட்டியம் இன்று இருப்பதற்கு அந்தக் குடும்பங்கள்தான் காரணம். ஆனால் ஏழு, எட்டு வயதுச் சிறுமி மனுக் கொடுக்க முடியாதே. அவளுக்காகப் பேச அவையில் ஒருவர் வேண்டியிருந்தது. முப்பத்தைந்து ஆண்டு சின்னப் பிள்ளைகளோடு இருந்த எனக்கு, இதில் முத்துலட்சுமியின் பக்கம்தான் நிற்க முடிகிறது.

மசோதா நிறைவேறுவதற்குள் 1930 மே மாதம் காந்தி கைதானார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியை விட்டு விலகினார். துணைத் தலைவர் நாற்காலியும் போயிற்று, மசோதாவும் கிடப்பில் போயிற்று. அதைச் சட்டமாக்க 1947 இறுதி வரை, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வரான பிறகு வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. பதினேழு ஆண்டுகள். அன்று எட்டு வயதாக இருந்த ஒரு பெண்ணுக்கு 1947-ல் இருபத்தைந்து வயது. இடையில் வெளியே நின்று அந்த நெருப்பை அணையாமல் வைத்திருந்தவர்களில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரை மறக்க முடியாது. தானே அந்தக் குலத்தில் வந்தவர். 1936-ல் "தாசிகள் மோசவலை" என்ற நாவலை எழுதியவர். சட்டசபைக்குள் ஒருவர், தெருவில் ஒருவர்.

விலகிய அம்மையார் சும்மா இருந்தாரா? ஆதரவு தேடி வந்த பெண்களைத் தன் வீட்டிலேயே தங்கவைத்து அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அடையாற்றில் இன்றும் நடக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தேவிட்டார். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே இடம் போதாது.

அந்தப் புத்தகத்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அது ஆங்கிலத்தில் இருந்தது. யாருக்காக அவர் பேசினாரோ அந்தப் பெண்களில் எத்தனை பேரால் அதைப் படித்திருக்க முடியும்? தமிழிலேகூடக் கையெழுத்துப் போடத் தெரிந்த பெண்கள் மிகக் குறைவான காலம். அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அவை நடவடிக்கை ஆங்கிலம், பட்ஜெட் ஆங்கிலம், கேள்வியும் பதிலும் பெரும்பாலும் ஆங்கிலம். நம் மாநிலத்தின் பட்ஜெட் முதன்முதலாகத் தமிழில் வந்தது 1957-58-க்குத்தான். நிதியமைச்சர் சி. சுப்பிரமணியம். கணக்குக் கேட்கும் உரிமை 1892-ல் வந்தது, கணக்கு நம் பாஷையில் வர மேலும் அறுபத்தைந்து ஆண்டுகள்!

அதே 1957-ல்தான் நம் நான்காம் தெருக்காரர் முதல்முறையாக அவைக்குள் போனார். குளித்தலைத் தொகுதி. 1957 மே 4 அன்று கலைஞர் பேசிய கன்னிப்பேச்சு நங்கவரம் பண்ணை விவசாயிகளின் பிரச்சினையைப் பற்றியது. அவர் அரசியல் பிடிக்கும் பிடிக்காது என்று நம் குடும்பத்திலேயே இரண்டு கட்சி உண்டு, அந்தச் சண்டையை இங்கே கமெண்டில் தொடங்காதீர்கள். நான் சொல்ல வந்தது, புதிதாக வந்த உறுப்பினர் தன் தொகுதியின் ஓர் ஊரை, அந்த ஊர் உழவர்களின் பிரச்சினையைத் தமிழில் அவைக்குள் கொண்டுபோனதைத்தான். அந்த உழவர்கள் மறுநாள் செய்தித்தாளை யாராவது படிக்கக் கேட்டாலே, தங்களைப் பற்றி என்ன பேசப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்றைய பதிவுகளுக்கு வருகிறேன். கேட்ட மாணவருக்கு ஒரு சின்னக் குறிப்பு. எம்.எல்.ஏ. "இவ்வளவு ஒதுக்கீடு" என்று போட்டால் அதோடு நின்றுவிடாதீர்கள். பட்ஜெட் புத்தகங்கள் இப்போது நிதித்துறையின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. ஒவ்வொரு தலைப்புக்கும் நேரே பார்த்தால் போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு உண்மையில் செலவான தொகை இருக்கும், போன ஆண்டின் திருத்த மதிப்பீடு இருக்கும், வரும் ஆண்டின் மதிப்பீடு இருக்கும். நாம் எல்லோரும் கடைசி எண்ணைத்தான் கொண்டாடுகிறோம். நான் முதலில் பார்ப்பது செலவான தொகையை. அதேபோல் ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையோடும் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வரும். போன ஆண்டு சொன்னதில் என்ன முடிந்தது என்று அதில் தேடுங்கள். தொகுதி மேம்பாட்டு நிதி ஒரு எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி. அதில் செய்த வேலையும், அரசுத் துறையோ மாநகராட்சியோ தன் வழக்கமான பணத்தில் செய்த வேலையும் ஒரே படத்தில் வந்துவிடும், பிரித்துக் கேளுங்கள். தப்பில்லை. கேட்டால் கோபித்துக்கொள்ளாத உறுப்பினர்களும் இருக்கிறார்கள்.

கிடைக்காததையும் எழுதுகிற உறுப்பினரைத்தான் நான் தேடுகிறேன். முத்துலட்சுமி அம்மையார் அதை எழுதினார். தீர்மானம் நிறைவேறியும் அரசு செய்யாதது, மசோதா பாதியில் நின்றது, யார் எதிர்த்தார்கள் என்பதெல்லாம். மறு தேர்தலில் நிற்கப்போகிறவருக்கு இது கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. நம் மாணவிகளில் இரண்டு பேர் கிராமச் சுகாதாரச் செவிலியர்கள். கர்ப்பிணிகளுக்கு நீங்கள் நிரப்பிக்கொடுக்கும் விண்ணப்பத்தின் தலைப்பை ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். 2006-ல் 6,000 ரூபாய், 2011-ல் 12,000, இப்போது ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் தரும் "புதுமைப் பெண்" திட்டத்தின் முழுப் பெயரில் இருப்பவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். ஆயிரம் விளக்கில் 1925-ல் நின்ற அந்த ஓர் அணா, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டமாகத் தொடங்கி, மறு ஆண்டு மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. மூன்றுக்கும் பட்ஜெட்டில் இப்போது தனித்தனித் தலைப்பு இருக்கிறது. இந்த முறை புத்தகம் வந்ததும் செலவான தொகையை நான் பார்க்கப்போகிறேன். உங்களில் யாராவது முந்திப் பார்த்தால் கமெண்டில் போடுங்கள்.